உள்ளங்கை எம்பளம்

படத்துக்குத் தாமதமாக வருகிறவர்கள் டிக்கெட் கிழிக்கிறவரிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எம்பளம் போட்டாச்சா?" போட்டாகிவிட்டது என்றால் முகம் வாடிவிடும். கதை ஒன்றும் போய்விடவில்லை, நடிகர் பெயர்கள்கூட ஓடி முடியவில்லை. ஆனாலும் எதையோ பறிகொடுத்தமாதிரி இருட்டில் காலால் தடவிக்கொண்டு போய் உட்காருவார்கள். அய்யம்பேட்டை டூரிங் கொட்டகையில் அப்படித்தான் இருந்தது. நானும் அந்த ரகம்தான்.

படம் எடுத்த கம்பெனியின் அடையாளமாக ஆரம்பத்தில் பத்து விநாடி வருமே, அதைத்தான் எங்கள் பக்கம் எம்பளம் என்போம். என் சின்ன வயதில் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரு கம்பெனிக்குக் கோபுரம், ஒன்றுக்குக் குத்துவிளக்கு, ஒன்றுக்கு ஊதுகுழல். முருகனை எம்பளமாக வைத்திருந்த கம்பெனிப் படம் என்றால் மணலில் உட்கார்ந்திருக்கிற சனம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கீற்றுக் கொட்டகைக்குள் சூடம் ஏற்றப்போன ஒருத்தியை மேனேஜர் விரட்டியதையும் பார்த்திருக்கிறேன். பிறகு கலர் வந்தது; அதே குத்துவிளக்குக்கு மஞ்சள் சுடர் வந்தது. முதலாளி செத்துப்போனால் விளக்குக்கு முன்னால் மாலை போட்ட அவர் போட்டோ வரும். பிள்ளைகள் பாகம் பிரிந்தால் அண்ணன் விளக்கை எடுத்துக்கொள்வான், தம்பி அதே விளக்கைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டுக்கொள்வான். எம்பளத்தை வைத்தே அந்தக் குடும்பத்தில் என்ன நடந்தது என்று நாங்கள் சொல்லிவிடுவோம்.

வீடியோ கேசட் வந்தபோது ஒன்றுக்கு மூன்றாக எம்பளம் வந்தது. கேசட் கம்பெனியுடையது, வெளிநாட்டு உரிமை வாங்கியவருடையது, அப்புறம் படக் கம்பெனியுடையது. எல்லோரும் அதை ஓட்டிவிட்டுப் படம் பார்ப்பார்கள். நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் துரைராசு தலையில் அடித்துக்கொள்வார். "ஊரே படம் பாக்குது. நீ ஒருத்திதான் வாசப்படியையே பாத்துக்கிட்டு நிக்கிற."

அவர் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஆண்கள் பக்கம் அவர் எடுப்பார், பெண்கள் பக்கம் நான். நான் கேமரா பிடிக்கக் கற்றதே அதற்காகத்தான். எங்கள் ஊர் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆம்பளை போக முடியாது. தொண்ணூறுகளில் வீட்டுக்கு ஒருத்தர் துபாய், ஷார்ஜா, சவூதி என்று இருந்தார்கள். கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்காத அத்தாவும் அண்ணனும் கேசட்டில்தான் கல்யாணம் பார்த்தார்கள். ஆகவே கேசட் வேண்டும். அதைப் பொம்பளை எடுக்க வேண்டும். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே அப்படி ஒருத்தி நான்தான். "செவ்வந்தியா? நம்ம புள்ளதான், உள்ள விடு" என்பார்கள். அந்த ஒரு சொல்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

கல்யாணக் கேசட்டுக்கும் எம்பளம் உண்டு, கண்ணுங்களா. சென்னையில் ரெடிமேடாக விற்பார்கள். ரோஜாப்பூ விரியும், உருண்டை சுற்றும், தங்க எழுத்து பறந்துவந்து விழும். எல்லா ஸ்டூடியோக்காரர்களிடமும் அதே ரோஜா. ஒரு தடவை பாபநாசத்துப் பார்ட்டி ஒருவர், "ஏங்க, போன மாசம் என் மச்சினன் கல்யாணத்துல மலர்ந்த பூவு இன்னுமா வாடல?" என்று கேட்டுவிட்டார். துரைராசு சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. யாரிடமும் இல்லாத ஒரு எம்பளம் எனக்கு வேண்டும் என்று அன்றே மனதில் விழுந்துவிட்டது.

அது சுமையா கல்யாணத்தில் கிடைத்தது.

சுமையாவுக்கு அப்போது இருபது வயது. மாப்பிள்ளை அஸார், அடுத்த தெரு, ஷார்ஜாவில் வேலை. நிக்காஹுக்கு முதல் நாள் சாயங்காலம் மருதாணி. "மருதாணிக்குக் கேமரா வேணாம், நாளைக்கு வந்தாப் போதும்" என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். பெண்ணின் உள்ளங்கைக் கொடிக்குள் மாப்பிள்ளை பெயரைப் பொடி எழுத்தில் ஒளித்து எழுதுவார்கள். மறுநாள் அவன்தான் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு கண் படக்கூடாது. நான் லைட்டை எங்கே கட்டலாம், பிளக் எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். கேமராவும் தோளில் இருந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் சுமையா. மருதாணியைக் கழுவி எண்ணெய் தடவியிருந்தார்கள். மூடியிருந்த வலது கையை மெல்லத் திறந்தாள். ஒவ்வொரு விரலாக விரிந்தது. சிவந்த உள்ளங்கை, சாயங்கால வெயில், கொடிக்கு நடுவில் மூன்றே எழுத்து. நான் நெருக்கிப் பிடித்து எடுத்துவிட்டேன். அவள் கவனிக்கவில்லை.

அவர்களுக்குக் கல்யாணக் கேசட்டைக் கொடுத்து முடித்த பிறகு, அந்த எட்டு விநாடியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் கேசட் வெட்டி ஒட்டித் தருகிற மிக்சிங்குக்குப் போனேன். கை விரிந்ததும் படம் உறையும்; உள்ளங்கையிலிருந்து 'செவ்வந்தி வீடியோஸ்' என்ற எழுத்து எழுந்து வரும். மிக்சிங்காரரே, "எங்க புடிச்சீங்க இதை?" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முஸ்லிம் வீட்டுக் கேசட்டுக்குத் தஃப் கொட்டுகிற ஓசையோடு வரும். அறுபதாம் கல்யாணத்துக்கு நாதஸ்வரம். மஞ்சள் நீராட்டுக்கு ரோஸ் நிறம் ஏற்றுவோம். கட்சிக் கூட்டம் ஒன்றுக்கு மட்டும் போடவில்லை. உள்ளங்கை எதிர்க்கட்சியின் சின்னமாயிற்றே, அடிக்க வந்துவிடுவார்கள் என்று துரைராசு வெட்டிவிட்டார். எட்டு மாதத்தில் எழுபத்தி மூன்று கேசட். சுமையாவின் கை குவைத்துக்குப் போயிற்று, சிங்கப்பூருக்குப் போயிற்று. அவளுக்குத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. திருவையாற்றிலிருந்து பஞ்சாபகேசன் வாத்தியாரும் அவர் மனைவி மதுரமும், திருக்கடையூரில் நடந்த தங்கள் அறுபதாம் கல்யாணக் கேசட்டை வாங்க வந்திருந்தார்கள். சரியாக வந்திருக்கிறதா என்று கடை டிவியில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். கூடவே இன்னும் இரண்டு பேர் போட்டோவுக்காக நின்றிருந்தார்கள்.

கை விரிந்தது. "அடடா, தாமரை மாதிரின்னா இருக்கு! யாரோட கைம்மா இது?" என்றார் மதுரம் மாமி.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லுமுன் வாசலில் இரண்டு வெள்ளைத் துப்பட்டிகள் வந்து நின்றன. அஸாரின் அம்மா ஹபீபுன்னிசா. பின்னால் சுமையா. அவள் பார்வை டிவியில் உறைந்து நின்ற தன் கையின்மேல் போய் நின்றது. அப்போதுதான் அதை முதல்முதலாகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. துப்பட்டிக்குள் அவள் வலது கை மூடிக்கொண்டதும் தெரிந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றேன்.

"உக்கார வரல செவ்வந்தி. ஒண்ணு கேட்டுட்டுப் போக வந்தேன்." மேஜையின் ஓரத்துக்கு வந்து தாழ்ந்த குரலில் பேசினார். "ஷார்ஜாவுல அஸார் ரூமுல எட்டுப் பேரு. ஒருத்தனுக்குத் தங்கச்சி கல்யாணக் கேசட்டு போயிருக்கு. போட்டதும் கை வருது. அதுல இவன் பேரு. டெக்கை நிறுத்தி நிறுத்திப் பாத்துச் சிரிச்சிருக்கானுவ. இவன் சாப்புடாம படுத்துட்டான்."

நான் மேஜைமேலிருந்த பில் புக்கை மூடினேன்.

"ஃபேமிலி விசா வந்து கெடக்கு. அடுத்த மாசம் இந்தப் புள்ள போவணும். அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறான். சொல்லாம எடுத்திருந்தா இது மேல தப்பில்ல, ஏத்தி விடுங்கறான். சரின்னு சொல்லி இதுவே கையக் காட்டியிருந்தா, விசாவக் கிழிச்சுப் போட்டுடுவேங்கறான். இது இல்லங்குது. நீ சொல்லு. கேட்டு எடுத்தியா, கேக்காம எடுத்தியா?"

மதுரம் மாமி டிவியைப் பார்க்கிறமாதிரி திரும்பிக்கொண்டார். ஆனால் காது இங்கேதான் இருந்தது. நான்கு பேர். கேட்காமல் எடுத்தேன் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். அப்புறம் எந்த வீட்டில் என்னை உள்ளே விடுவார்கள்?

"கேட்டுத்தாம்மா எடுத்தேன்" என்றேன்.

சொன்னது என் வாய்தான். சுமையா என்னைப் பார்த்தாள். கோபமில்லை, யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிறமாதிரி ஒரு பார்வை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஹபீபுன்னிசா, "சரி" என்றார். இருவரும் படி இறங்கிப் போனார்கள். நான் கேசட்டைப் பெட்டியில் போட்டு வாத்தியாரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, "நன்னா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

துரைராசுவிடம் சொன்னேன். "பத்து நாள்ல மறந்துருவாங்க" என்றார். "மெட்ராஸ் போறப்ப வேற ரோஜா வாங்கிட்டு வந்துர்றேன். நீ அந்த ரா கேசட்டை மட்டும் அழிச்சிடு. எதாவது ஒரு காதுகுத்தை அது மேலயே எடுத்துடு."

ரா கேசட் என்றால் வெட்டாமல் ஒட்டாமல் கேமராவில் எடுத்தபடியே இருப்பது. ஒரு கல்யாணம் முடிந்ததும் அதன்மேலேயே அடுத்ததை எடுப்போம். இதை மட்டும் எம்பளத்துக்காக எடுத்து வைத்திருந்தேன். அலமாரியைத் திறந்து அதைக் கையில் எடுத்தேன். அழிக்கவும் இல்லை, வேறு எதுவும் செய்யவும் இல்லை.

வியாழக்கிழமை சுமையாவின் தங்கை ஜஸீலா கடைக்கு வந்தாள். பதினாறு வயசுப் பெண். படி ஏறவில்லை. கீழே நின்றபடியே பேசினாள்.

"அக்கா பெட்டியில வச்ச துணியெல்லாம் வெளிய எடுத்து வச்சாச்சு. நாளைக்கு ஜும்மா தொழுகைக்கு அப்புறம் மச்சான் போன் பண்ணுவாரு. அதான் கடைசிப் பேச்சாம்."

"சுமையா என்ன சொல்லுது?"

"கேக்கவே இல்லன்னுதான் சொல்லுது. 'அப்ப அவ மூஞ்சிக்கு நேரா ஏன் சொல்லல, வாயில கொழுக்கட்டையா?'ன்னு அக்காவோட மாமி கேக்குறாங்க. நானும் சொன்னேன். தங்கச்சிக்காரி அப்படித்தான் சொல்லுவேன்னுட்டாங்க." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு நான்தானேக்கா உங்கள்ட்ட கேட்டேன், கேமரா ஓடுதான்னு?"

உங்களிடமும் நான் இதைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். அவள் கவனிக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? அது பொய். எட்டு மாதமாக எனக்கே நான் சொல்லிக்கொண்டிருந்த பொய். சொல்லிச் சொல்லி நிஜமாகிவிட்டது. அவர்கள் கவனித்தார்கள். கேட்டார்கள். நான் பதில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரா கேசட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஹபீபுன்னிசா வீட்டுக்குப் போனேன். துரைராசு கடை வாசலில் நின்று, "யோசிச்சுத்தான் போறியா?" என்று கேட்டார். யோசித்தால் போயிருக்க மாட்டேன்.

கூடத்தில் டிவி, டெக், போன் எல்லாம் இருந்தன. ஹபீபுன்னிசா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுமையா அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அன்னிக்கு நான் பொய் சொன்னேம்மா. கேக்காமத்தான் எடுத்தேன்."

ஹபீபுன்னிசா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்குப் பொய்யா, இன்னிக்குப் பொய்யா? அன்னிக்குக் கடைக்குப் பயந்து சொன்னேன்னு வச்சுக்கிட்டா, இன்னிக்குப் பாவம் பாத்துச் சொல்றேன்னு வச்சுக்கக் கூடாதா? உன் பேச்ச எடுத்து நான் எங்க வச்சுப் பாக்குறது?"

அவர் கேட்டது சரிதான். அதற்குமேல் என் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லுக்கும் அந்த வீட்டில் மதிப்பில்லை.

கேசட்டை எடுத்துக் காட்டினேன். "இதுல எடுத்தது எடுத்தபடி இருக்கு. பேசினதும் இருக்கு."

"போடு பாப்போம்."

"மாப்பிள்ளை போன் வரட்டும்மா. அவங்களும் கேக்கட்டும். ரெண்டு தடவை என்னால கேக்க முடியாது."

அரை மணி நேரம் காத்திருந்தோம். மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஹபீபுன்னிசா எடுத்து, "இரு, ஒண்ணு போடுறோம், கேளு, பேசாதே" என்றார். ஒயர் டிவி வரைக்கும் எட்டவில்லை. நான் டிவி ஸ்டாண்டைத் தள்ளப் போனேன், தனியாக நகரவில்லை. சுமையா வந்து மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நகர்த்தினோம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஹபீபுன்னிசா ரிசீவரை டிவியின் ஒலி வரும் பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் கேசட்டைப் போட்டேன்.

முதலில் ஆடுகிற படம். சுவர், பிளக், ஜன்னல். பிறகு சுமையாவின் மூடிய கை. ஜஸீலாவின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"அக்கா, கேமரா ஓடுதா?"

என் குரல். கேமராவுக்கு மிகப் பக்கத்தில், மற்ற எல்லாக் குரலையும்விடப் பெரிதாக. "இல்லம்மா, லைட்டுதான் பாக்குறேன். ஓடுனா இதுல சிவப்பு லைட்டு எரியும்ல?"

அந்தச் சிவப்பு விளக்கின்மேல் நான் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். விளக்கைப் பார்த்தால் பெண்கள் முகத்தை மூடிக்கொள்கிறார்கள் என்று எப்போதோ ஒட்டியது.

சுமையாவின் குரல். "ஓடலதானேக்கா? கை தெரியக் கூடாது. உள்ள பேரு இருக்கு."

"என்னை நம்பும்மா" என்றது என் குரல். சிரிப்பும் கேட்டது. என் சிரிப்புதான்.

திரையில் கை விரிந்தது. ஒவ்வொரு விரலாக. ஊரெல்லாம் தாமரை என்று சொன்னதே, அந்த விரிதல். நான் சொன்ன வார்த்தையைக் கேட்டுத்தான் அவள் கையைத் திறந்தாள். எட்டு விநாடியை நான் சரியாக அங்கேயிருந்துதான் வெட்டி எடுத்திருந்தேன். அதற்கு முந்தியதை விட்டுவிட்டு.

கேசட்டை நிறுத்தினேன். ஹபீபுன்னிசா ரிசீவரைக் காதுக்கு எடுத்துப் போனார். "கேட்டுச்சா?... ம்... அவதான். அவளே கொண்டாந்தா." பிறகு சுமையாவிடம் நீட்டினார். "பேசணுங்கறான்."

சுமையா வாங்கினாள். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். மறுபடியும் "ம்" என்றாள். அப்புறம் நிதானமாகக் கேட்டாள்:

"இந்தக் கேசட்டு மேல வேற எதையாச்சும் எடுத்து அழிச்சிருந்தாங்கன்னா, நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. "சரி, அடுத்த வாரம் பேசுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஹபீபுன்னிசா எழுந்து உள்ளே போனார். போகும்போது என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலாம்போல இருந்தது. உள்ளே பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. எடுத்து வைத்த துணிகளைத் திரும்ப அடுக்குகிறார் என்று புரிந்தது.

நான் கேசட்டைச் சுமையாவின் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்குக் கடையில ஏம்மா பேசாம நின்னே? பொய்யின்னு சொல்லியிருக்கலாமே?"

"அந்த வாத்தியாரும் அவங்க வீட்டம்மாவும் நின்னாங்களேக்கா. இன்னும் ரெண்டு பேரு வேற. அவ்வளவு பேரு முன்னாடி உங்களை எப்படிப் பொய்க்காரின்னு சொல்றது? பொழைக்கிற எடமாச்சே. வீட்டுக்கு வந்து மாமிட்ட சொல்லிக்கலாம்னு நெனச்சேன்." கையிலிருந்த கேசட்டைப் பார்த்தாள். "வீட்ல நம்பல."

அவள் மாப்பிள்ளை வீடு, விசா, வாழ்க்கை எல்லாம் என் ஒரு சொல்லில் தொங்கிய நேரத்தில், இருபது வயசுப் பெண் என் கடையைப் பற்றி யோசித்திருக்கிறாள். நானும் கடையைப் பற்றித்தான் யோசித்தேன்.

"வெளிய யாருகிட்டயும் இதச் சொல்லாதீங்கக்கா" என்றாள். "மாமியும் சொல்ல மாட்டாங்க. ஜஸீலாட்ட நான் சொல்லிக்கிறேன். தெரிஞ்சா அப்புறம் உங்களை யாரும் கூப்புட மாட்டாங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஊரார் முன் சொன்ன பொய்யை ஊரார் முன்தான் திருப்பி எடுத்திருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த மாதம் அவள் ஷார்ஜா போனாள். எம்பளத்தை நீக்கிவிட்டேன், வெறும் கறுப்பில் வெள்ளை எழுத்தாகக் கடைப் பெயர் வந்தது, துரைராசு எவ்வளவோ சொல்லியும் ரோஜா வாங்கவில்லை. பழைய கேசட்டுகளை வீடு வீடாகப் போய், "தலைப்புல ஒரு கோளாறு, சரிபண்ணித் தர்றேன்" என்று இன்னொரு பொய் சொல்லி வாங்கி, கை வருகிற இடத்தை அழித்துக் கொடுத்தேன். முப்பத்தொன்று கிடைத்தது. மற்ற நாற்பத்திரண்டும் கடல் தாண்டிப் போய்விட்டன.

அதன் பிறகும் பன்னிரண்டு வருஷம் பெண்கள் பக்கம் கேமரா பிடித்தேன். சுமையா வாயைத் திறக்காததால் கிடைத்த பிழைப்பு அது. "செவ்வந்தியா? நம்ம புள்ளதான், உள்ள விடு" என்றுதான் எல்லா வீட்டிலும் சொன்னார்கள். நானும் உள்ளே போனேன். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பெண்கூட என்னிடம், கேமரா ஓடுகிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை. யாராவது ஒருத்தி கேட்டிருக்கலாம்.